சர்க்கரை போட்ட கீரை

டெல்மர் பிக்கன்ஸுக்கு அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்ததெல்லாம் பெண்டாட்டி வாயால் ஒரு வசவு. கல்யாணமான நாளிலிருந்து கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்த சாமான் அது. ஈஸ்டர் முடிந்த கையோடு அர்லீதாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதே, அன்றைக்கு நின்றது. அதற்கப்புறம் கோடை போய், நிலக்கடலை பிடுங்கி முடித்து, பருத்தியும் எடுத்தாகிவிட்டது. வீட்டில் ஒரு அதட்டல் கிடையாது.

அர்லீதாவின் வாய் எங்கள் ஊரில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துச் சர்ச்சுகளிலும் பேர்போனது. பிரசங்கம் இழுத்துக்கொண்டே போனால் முன்வரிசையில் உட்கார்ந்தபடி கைப்பையை டப்பென்று மூடுவாள். பாஸ்டர் அடுத்த வாக்கியத்திலேயே ஆமென் சொல்லிவிடுவார். ஜார்ஜியா மாநிலம் முழுக்க மரலாரி ஓட்டி, போலீஸ்காரனுக்கும் முதலாளிக்கும் தலை குனியாத டெல்மர், வீட்டுப் படியேறும்போது மட்டும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவார். அந்தப் பயத்தில் ஒரு சுகம் இருந்தது. அது போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் வேறொருத்தி. நடக்கிறாள், உட்காருகிறாள், பேசுகிறாள். என்ன பேச்சு? "நன்றிங்கய்யா." "உங்களுக்குச் சிரமம் குடுக்கிறேன்." "ரொம்ப நல்லதுங்க." பார்க்க வந்த சர்ச்சுப் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடடா, எவ்வளவு சாதுவா ஆயிட்டா நம்ம அர்லீதா, கர்த்தரோட கிருபை" என்றார்கள். டெல்மருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிருபையாம், கிருபை. இத்தனை காலம் இவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனவர்கள்தானே இவர்கள் எல்லாரும்.

அவரையும் அவள் ஐயா என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் யாரை யார்தான் ஐயா என்று சொல்லவில்லை? தபால்காரரைச் சொல்கிறாள், மருந்து கொண்டு வருகிற பையனைச் சொல்கிறாள், இவரையும் சொல்கிறாள். அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. 'நான் யாருன்னு தெரியுதா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரால் கேட்க முடியவில்லை. கேட்டு, அவள் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்? ராத்திரி ஒரே படுக்கையில் எப்படிப் படுப்பது, காலையில் எப்படி எழுந்து காப்பி போடுவது? கேட்காத வரைக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்ளலாமில்லையா?

கைகால் பயிற்சி கொடுக்க வருகிற சின்னப் பெண்தான் அந்த வாரம் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனாள். "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் எதையாவது அவங்க கண்ணு முன்னாடி செஞ்சு பாருங்க சார். எது அவங்கள ஒரு உலுக்கு உலுக்குமோ, அது."

டெல்மர் யோசித்துப் பார்த்தார். அவளுக்கு எது பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. எது பிடிக்காது என்பதோ மனப்பாடம்.

சனிக்கிழமை காலையில் அந்த வருஷத்து முதல் உறைபனி புல்லெல்லாம் வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தது. வாசல் நாற்காலியில் ஒரு கட்டு காலர்ட் கீரை கிடந்தது. சர்ச்சில் ஊழியம் பார்க்கிற டீக்கன் ஹோலிஸ் வைத்துவிட்டுப் போயிருப்பார், கதவைத் தட்டாமல் போவது அவர் வழக்கம். யானைக் காது போல அகல அகலமாக இலை, முழங்கை நீளத்துக்குத் தண்டு, அடியில் ஈர மண். முதல் பனி பட்ட கீரைதான் கீரை, அதற்கு முன்னால் பறிப்பதெல்லாம் ஆட்டுக்கு என்பாள் அர்லீதா. இந்தக் கீரையை ஆக்குகிற நாளில் அவள் சமையலறைக்குள் டெல்மர் கால் வைத்ததே இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட வெளிக் குழாய்க்குத்தான் போவார்.

அந்தக் கட்டைக் கையில் எடுத்ததும் அவருக்குப் பொறி தட்டியது. இதைத் தப்புத் தப்பாகச் சமைப்போம், அவள் கண் முன்னால். உள்ளே எங்கேயாவது ஒரு மூலையில் பழைய அர்லீதா இருந்தால் பொறுக்க மாட்டாள். "யோவ்!" என்று ஒரு சத்தம். அது போதும்.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து சமையலறை மேசையருகில் உட்கார வைத்தார். கம்பளியைத் தோளில் போர்த்தினார்.

"நன்றிங்கய்யா" என்றாள்.

"அர்லீதா, கீரை செய்யப் போறேன், பாரு."

"நல்லதுங்க."

தொட்டியில் தண்ணீர் பிடித்து, மொத்தக் கட்டையும் ஒரு முக்கு முக்கி எடுத்தார். இலையிலிருந்து மண் தண்ணீர் சொட்டிற்று. எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அக்கிரமம் கிடையாது. கீரை அலசுவதென்றால் தண்ணீர் மாற்றி மாற்றி, கடைசித் தண்ணீரின் அடியை விரலால் தடவினால் ஒரு மணல் உறுத்தக்கூடாது. அடுத்தவர் வீட்டுக் கீரையில் நறநறவென்று ஒரு மணல் கடித்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் பேரே போச்சு.

"ஒரே தண்ணில அலசிட்டேன். போதும்ல அர்லீதா? எதுக்குச் சும்மா தண்ணிய வீணாக்கிக்கிட்டு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இவரைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்கய்யா."

டெல்மர் தொட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு முதுகால் அவளை மறைத்துக்கொண்டு, தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் பிடித்து, இலை இலையாகப் பிரித்து மறுபடி அலசினார். மறுபடி வடித்தார், மறுபடி பிடித்தார். வசவு வாங்க ஆசைதான், அதற்காக அவள் வாயில் மண்ணைப் போட முடியுமா? வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கீரையை ஒழுங்காக அலசினார். அதை அவள் பார்த்துவிடக்கூடாதே என்று வேறு பயம்.

அடுத்தது தண்டு. இலையை நடுநரம்போடு சேர்த்துக் கத்தியால் சதக் சதக்கென்று வெட்ட ஆரம்பித்தார். தண்டை உருவாமல் வெட்டுகிறவன் சோம்பேறி, அவனை வளர்த்தவளும் சோம்பேறி என்பது அர்லீதாவின் தீர்ப்பு. டெல்மரின் அம்மா உயிரோடு இருக்கும்போதே அந்தத் தீர்ப்பு அவள் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டிருக்கிறது.

மேசையில் ஏதோ அசைந்தது. திரும்பினார். அர்லீதாவின் கை ஒரு இலையை எடுத்திருந்தது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அவள் இலையை நடுவில் மடித்தாள், அடித்தண்டை ஒரு கையால் பிடித்தாள், மற்ற கையால் சர்ரென்று ஓர் இழுப்பு. தண்டு தனி, இலை தனி. நரம்பில் பச்சை ஒட்டவில்லை. அடுத்த இலை. அதற்கடுத்தது. உருவிய இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், சுருட்டி வெட்டுவதற்கு அடுக்குகிற மாதிரியே.

"அதான்! அதான் அர்லீதா!" டெல்மர் கத்திவிட்டார். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். "என்ன வெட்டு வெட்டுறான் இந்தக் கிழவன்னு பாத்தியா? தண்டோட வெட்டுறான் பாரு மடையன். திட்டு, தாயி. நல்லா நாக்கப் பிடுங்கற மாதிரி திட்டு."

அவள் இன்னொரு இலையை உருவினாள். இலை தீர்ந்தது. கை மேசையைத் தடவி, காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்தது. அதை நடுவில் மடித்தாள், அடியைப் பிடித்தாள், சர்ரென்று இழுத்தாள். அடுத்து இன்னொரு கைக்குட்டை. பிறகு மேசையில் கிடந்த செய்தித்தாளின் ஓரம். கிழிந்த துண்டுகளையும் கீரையோடு சேர்த்து ஒழுங்காக அடுக்கினாள். கண் ஜன்னல் பக்கமே இருந்தது.

டெல்மர் மேசையைப் பிடித்து எழுந்தார். காகிதத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. கைகள் யாரிடமும் கேட்பதில்லை. இனி சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு விட்டுவிடவில்லை. மனசுக்கு வேறு வேலை ஏது?

பெரிய பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, கீரையையும் புகை போட்ட பன்றிக்காலையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டார். கறி முதலில் தனியாக வெந்து, எலும்பு கழன்று, தண்ணீர் கலங்கிப் புகைவாசம் ஏறிய பிறகுதான் கீரை உள்ளே போக வேண்டும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அர்லீதா அமைதியாக உட்கார்ந்திருந்தாள். பானை கொதித்தது. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து கதவுப் பக்கம் போயிற்று.

அப்போதுதான் பின்கதவைத் திறந்துகொண்டு ஐனெஸ் வந்தாள், அர்லீதாவின் தங்கை. சனிக்கிழமை தவறாமல் வந்து அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். கதவிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"அத்தான், என்ன வாடை இது? வீட்ல ஏதும் செத்துக் கெடக்கா?"

"கீரை வெக்கிறேன்."

"நீங்களா?" கைப்பையை நாற்காலியில் எறிந்துவிட்டு வந்து மூடியைத் திறந்தாள். "ஐயோ ஏசப்பா! பாதி தண்டோட கெடக்கு! கறி இன்னும் கல்லு மாதிரி இருக்கு, கீரை அதுக்குள்ள துவண்டு போச்சு. இம்புட்டுத் தண்ணில யாருக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறீங்க? உங்கள யாரு அடுப்படிக்குள்ள விட்டது?"

"அதோ உக்காந்திருக்காளே. அவ ஒண்ணும் சொல்லல."

"அவ நல்லா இருந்திருந்தா இந்நேரம் இந்தப் பானை உங்க தலைமேல இருந்திருக்கும்!"

"ஆமா" என்றார் டெல்மர். "கத்து. இன்னும் சத்தமா. அவ காதுல விழட்டும்."

ஐனெஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். கரண்டியை மெதுவாக அடுப்போரம் வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபமெல்லாம் வடிந்து, கண் கலங்கிப்போய் நின்றாள்.

"வேணாம் அத்தான். இப்படியெல்லாம் சோதிக்காதீங்க. உங்களுக்குத்தான் வலிக்கும்."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை இறக்கினார். ஐனெஸ் வாயில் கை வைத்தாள். எங்கள் ஜனங்களில் கீரைக்குச் சர்க்கரை போடுகிறவர்கள் இல்லாமலில்லை. பாதிப் பேர் போடுகிறார்கள், கசப்பு போகவென்று. ஆனால் இந்த வீட்டில் அது நடக்காது. சர்க்கரை போட்ட கீரை என்று தெரிந்தால் அர்லீதா தட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்ப்பாள், சமைத்தவள் எதிரிலேயே. அப்படிக் கவிழ்த்ததில் ஒருத்தி சர்ச்சே மாறிப் போய்விட்டாள்.

டப்பாவை அர்லீதாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "அர்லீதா. இது என்ன தெரியுதா? சர்க்கரை. உன் கீரைல போடப் போறேன்." ஒரு கரண்டி போட்டார். "போட்டுட்டேன்." இன்னொரு கரண்டி போட்டார்.

"அக்கா!" தாங்கமாட்டாமல் ஐனெஸும் கத்திவிட்டாள். "அக்கா, பாரு இந்த மனுஷன! உன் பானைல, உன் அடுப்புல சர்க்கரையக் கொட்டுறாரு! கேளேன் அக்கா! ஒரு வார்த்தை கேளேன்!"

அர்லீதா திடுக்கிட்டுத் திரும்பினாள். நெற்றி சுருங்கியது. உதடு இறுகியது. அந்த உதடு இறுகுவதை டெல்மர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். கையில் டப்பாவோடு, அடி வாங்கத் தலையைக் குனிகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"ஏம்மா" என்றாள் அர்லீதா, ஐனெஸைப் பார்த்து. "பெரியவர் அவரு. அவரப் போயி இப்படிச் சத்தம் போடலாமா? பாவம், தெரிஞ்சத ஏதோ செய்றாரு."

ஐனெஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டெல்மர் சர்க்கரை டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திருப்பித் திருப்பி அழுத்தினார். கோபம் வந்தது அவருக்கு. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டர்மேலா, கர்த்தர்மேலா, வாசலில் கீரையை வைத்துவிட்டுப் போன டீக்கன்மேலா? எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

கீரை ஒருவழியாக வெந்தது. வெந்ததென்றால் குழைந்து கறுத்துக் கிடந்தது. கறி அப்போதும் ரப்பர்தான். ஐனெஸ், "கொட்டிடுங்க அத்தான், நான் வீட்டுக்குப் போயி மக்காச்சோள ரொட்டியும் பயறும் கொண்டாறேன்" என்றாள். டெல்மர் கேட்கவில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, சாறு ஊற்றி, ஊதி ஆற வைத்தார். ஒரு வாய் தான் தின்று பார்த்தார். பாகு காய்ச்சிய மாதிரி இனித்தது. அவருக்கே குமட்டியது.

இதை நாக்கில் வைத்தால் துப்புவாள். கண்ணும் காதும் ஏமாறலாம், அவள் நாக்கு ஏமாறாது. கைகளுக்குத் தண்டு உருவத் தெரிந்ததே, நாக்குக்கு இது தெரியாதா? அதுவரைக்கும் நடந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் அந்த நாக்கை நம்பினார்.

தட்டு வைத்தால் அவள் சாப்பிட மறந்துபோவாள், அதனால் ஊட்டுவதுதான் வழக்கம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கரண்டி எடுத்து அவள் வாயருகில் கொண்டுபோனார். அவள் வாயைத் திறந்தாள். வாங்கினாள். மென்றாள். மெல்ல மெல்ல அவள் தாடை நின்றது.

விழுங்கினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"யாரு செஞ்சது இந்தக் கீரை?"

டெல்மர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். எங்கள் ஊரில் எந்தப் பந்தியிலும் முதலில் வருகிற கேள்வி அது. யார் செய்தது என்று தெரியாமல் யாரும் கீரையில் கை வைக்க மாட்டார்கள். அர்லீதா அதைக் கேட்கிறாள் என்றால் பின்னாடியே இடி வருகிறது என்று அர்த்தம். ஐனெஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"நான்தான்" என்றார் டெல்மர். "நான்தான் செஞ்சேன் அர்லீதா. டெல்மர். சர்க்கரை போட்டுட்டேன். கறிய வேக வெக்கல. தண்டு உருவல. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

அவள் கை நீண்டு வந்து அவர் புறங்கைமேல் உட்கார்ந்தது. அடிக்க வந்த கை இல்லை. ஆறுதலாகத் தட்டிக் கொடுத்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "உங்க வீட்டுக்காரி குடுத்து வச்சவங்க. நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

ஐனெஸ் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். படியில் நின்று அவள் அழுவது உள்ளே கேட்டது.

டெல்மர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்காமலே வைத்திருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எத்தனை மரியாதையாக வந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும். பதில் சொல்லாவிட்டால் அவள் தப்பாக ஏதும் பேசிவிட்டோமோ என்று பதறுவாள், இப்போதெல்லாம் அப்படித்தான்.

"சொல்றேங்கம்மா" என்றார்.

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு அடுத்த வாய்க்காக, பசித்த பிள்ளை மாதிரி, வாயைத் திறந்தாள். அவர் ஊட்டினார்.